மச்சாளின் திரையில்லாத கொம்பியூட்டர்

உரும்பிராயில் இருக்கும் என் மச்சாளின் கொம்பியூட்டருக்குத் திரை கிடையாது. முன்பு இருந்தது. ஒரு மாரிக்கு இடி விழுந்து அது கருகிப்போக, தூக்கிக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். புதிதாக ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "எனக்கெதுக்கு அது? கரண்ட் மிச்சம்" என்றாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. என் அப்பாவின் தங்கை மகள், எனக்கு ஒத்த வயது, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். பெண்கள் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் ‘மச்சாள்’ என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய வாய்த்துடுக்கு இரண்டு பேருக்குக் காணும்.

திரைக்குப் பதிலாக அவளிடம் ஒரு பேசும் பெட்டி இருக்கிறது. திரையில் வரவேண்டிய ஒவ்வொரு வரியையும் அது மூக்கடைத்த ஆங்கிலத்தில் வாசிக்கும். மறுபக்கத்தில் பிரெயில் அச்சு இயந்திரம். தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தள்ளும். அது வேலை செய்யத் தொடங்கினால் பக்கத்து வளவு நாய் குரைக்கும். கொம்பியூட்டரோடு சேர்த்து மூன்றையும் வெளிநாட்டிலிருந்து யாரோ புண்ணியவான்கள் சேர்த்து அனுப்பி எத்தனையோ காலமாயிற்று. அச்சு இயந்திரத்தின் தடித்த வயரைச் செருகுவதற்கு இப்போதைய கொம்பியூட்டர்களில் துளையே இல்லை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடும் அந்தப் பழைய கொம்பியூட்டர்ப் பெட்டி ஒன்றுக்குத்தான் அது கட்டுப்படும். புது லினக்ஸைப் போட்டுப் பார்க்கலாம் என்றால் பெட்டிக்கு அதைத் தாங்கும் நினைவகம் இல்லை.

அதில் ஒரேயொரு குறை. ஆங்கிலத்தைப் பிரெயிலாக மாற்றும், தமிழை மாற்றத் தெரியாது. எழுத்தைப் புள்ளியாக்கும் வேலையைச் செய்யும் லைப்ரரி என்ற நிரல்தொகுப்பு, தமிழைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதப்பட்ட பதிப்பு. புதிய பதிப்பில் தமிழ் இருக்கிறது. திறந்த மூலம், யாரும் எடுக்கலாம், ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அது மூல நிரலாகத்தான் வரும். அந்தப் பெட்டிக்குப் புரிகிற விதமாக அந்தப் பெட்டியிலேயே கொம்பைல் பண்ணி, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றி, எடுக்க வேண்டும். நான் உடுவிலில் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு இதே வேலையைத்தான் செய்கிறேன். "அரை நாள் வேலை, மச்சாள்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

அவளுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஊர்க் கோயிலில் வருடந்தோறும் புராணப் படிப்பு நடக்கும். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார், இன்னொருவர் அடியடியாகப் பயன், அதாவது பொருள், சொல்லுவார். ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டே மச்சாளுக்குப் பாதிப் புராணம் மனப்பாடம். குரலும் நல்ல குரல். படிக்க விரும்புகிறேன் என்று போய்க் கேட்டாள். படிப்பை நடத்துகிற ஐயா நல்ல மனிதர், ஆனால் முறை தவறாதவர். பாடமாக்கி ஒப்புவிப்பது படிப்பு இல்லை, எழுத்தை முன்னுக்கு வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"தடவிப் படிச்சால், ஐயா?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

அதற்கு அவர், "எழுத்து எண்டால் சரி. சனிக்கிழமைப் படலம் உனக்கு" என்றாராம். இதை எனக்குச் சொல்லும்போது மச்சாளின் முகத்தைப் பார்க்க வேண்டும். பல்லெல்லாம் தெரிந்தது.

நான் சுருக்கு வழி ஒன்று சொன்னேன். என் வீட்டுக் கொம்பியூட்டரில் தமிழைப் புள்ளியாக மாற்றிக் கொண்டுவந்து தருகிறேன், நீர் உமது இயந்திரத்தில் குத்தி எடுத்தால் போதும் என்றேன்.

"அப்ப நாளைக்கும்? அடுத்த வருசமும்? ஒவ்வொரு தாளுக்கும் உம்மைப் பாத்துக்கொண்டு நிக்கவோ?" என்றாள். "ஆங்கிலத்தை நானே தட்டி நானே அடிக்கிறன். என்ரை சொந்தப் பாஷையை அடிக்க ஆள் பிடிக்கவேணுமோ? என்ரை மெஷினிலை ஓடவேணும், மச்சாள். இல்லையெண்டால் வேண்டாம்."

பிடிவாதக்காரி. ஆனால் சொன்னது நியாயம். எனக்கும் ரோசம் வந்துவிட்டது.

அந்தக் கிழமை முழுவதும் கம்பனி வேலை என்னை விடவில்லை. சனிக்கிழமை காலையில்தான் தொடங்க முடிந்தது. அன்று பின்னேரமே கோயிலில் அவளுடைய முறை. படலத்தை அவள் முழுவதும் தன் போனில் தட்டி வைத்திருந்தாள். குசினியில் மாமி, அதாவது மச்சாளின் அம்மா, ஒரு கையால் கறியைக் கிண்டிக்கொண்டு மறுகையில் புத்தகத்தைப் பிடித்து வாசிக்க வாசிக்கத் தட்டியது. எழுத்து ஆயத்தம், தாள் ஆயத்தம், குரல் ஆயத்தம். லைப்ரரி மட்டுந்தான் பாக்கி.

நான் வேலை செய்தது வீட்டு மேசைக் கொம்பியூட்டரில். மடிக்கணினி கம்பனியுடையது, அதில் சொந்த வேலை செய்யக் கூடாது. ஆகவே பழைய லினக்ஸுக்கு ஏற்றபடி நிரலைத் திருத்தி, எல்லாக் கோப்புகளையும் புதிதாக ஒரு பொதியாகக் கட்டி, பென்டிரைவில் போட்டு, ஸ்கூட்டியில் மருதனார்மடச் சந்தி தாண்டி உரும்பிராய்க்கு ஓட வேண்டும். சனிக்கிழமைச் சந்தைக் கூட்டத்துக்குள் மரக்கறி லொறிகளுக்கு நடுவே நான் போன வேகத்தைப் பார்த்து ஒரு அண்ணை, "பிள்ளை, எங்கை நெருப்பு?" என்று கேட்டார். நெருப்பு என் தலைக்குள் இருந்தது. எனக்கு இப்படிப்பட்ட வேலை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

பொதியை அவிழ்த்துக் கட்டளையைத் தட்டினோம். பெட்டி ‘செக்கிங், செக்கிங்’ என்று ஆரம்பித்தது. கொம்பைல் பண்ணுவதற்கு முன் அந்த இயந்திரத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அது ஒவ்வொன்றாகச் சோதித்துச் சொல்லும். கல்யாண வீட்டுக்குச் சாமான் சரிபார்ப்பதைப் போல. சோதித்து முடிந்தது. நான் கையைத் தட்டினேன். பெட்டி மறுபடியும் முதலிலிருந்து ‘செக்கிங், செக்கிங்’ என்றது. அது முடிய மறுபடியும். நாலைந்து தரம் சுற்றியபின் எனக்குப் பொறுக்கவில்லை. நிறுத்தினேன்.

திரை இருந்தால் மேலே போய் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவேன். இங்கே எனக்கும் காது மட்டுந்தான். அந்த மூக்குக் குரலை வரி வரியாகக் கேட்கும் பொறுமை கடவுள் எனக்குத் தரவில்லை. மச்சாள் அதை இரட்டை வேகத்தில் வைத்துவிட்டு, பூக் கட்டிக்கொண்டே கேட்கிறாள்.

"முதல்லை தேத்தண்ணியைக் குடி, பிள்ளை" என்று மாமி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். வடையும் தின்றேன். கம்பனிக் கதை, ஊர்க் கதை எல்லாம் கதைத்தோம். பிறகு மச்சாள் சும்மா அதே கட்டளையை இன்னொரு தரம் தட்டினாள். ஓடியது! சோதனை ஒரு தரத்தோடு முடிந்து உண்மையான கொம்பைல் தொடங்கியது. நான் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினேன். ஏன் ஓடியது என்று யோசிக்கவில்லை. ஓடினால் சரி என்று விட்டேன், அதுதான் என் புத்தி.

கொஞ்சத் தூரம் போய், பழைய கொம்பைலருக்குப் புதுப் பாணி எழுத்து விளங்காமல் நின்றது. ‘இந்த மாதிரி எழுதுவது எங்கள் காலத்தில் இல்லை’ என்று அது சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். நல்ல செய்தி! என்ன பிழை என்று தெரிந்துவிட்டதே. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உடுவிலுக்கு ஓடினேன், திருத்தினேன், புதுப் பொதி கட்டினேன், பறந்து வந்தேன். பெட்டி மறுபடியும் ‘செக்கிங், செக்கிங்’ என்று முடிவில்லாமல் சுற்றத் தொடங்கியது.

"சற்று முன்னம் ஓடினதெல்லோ, மூதேசி!" என்று மேசையில் குத்தினேன்.

மாமி சோற்றைப் போட்டுவிட்டு, "ஆக்கப் பொறுத்தவைக்கு ஆறப் பொறுக்க ஏலாதாம். இருந்து சாப்பிடு" என்றார். கத்தரிக்காய்க் குழம்பு. கோபத்திலும் நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து தட்டினால், ஓடுகிறது! இந்த முறை முக்கால்வாசித் தூரம் போனது. பழைய லினக்ஸில் இல்லாத ஒரு சின்னச் செயற்கூற்றைத் தேடிக் காணாமல் நின்றது. இதோ பிடித்துவிட்டோம், இன்னும் ஒரு திருத்தம். மறுபடியும் உடுவில், மறுபடியும் சந்தை, மறுபடியும் உரும்பிராய். இந்த முறை என் வாழ்நாளிலேயே ஆக வேகமாக வந்தேன். நேரம் பின்னேரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

செக்கிங், செக்கிங், செக்கிங்.

எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. கோயிலில் அவளுடைய பெயரைச் சொல்லிவிட்டார்கள். தாள் இல்லாமல் போய் நின்றால் ஐயா ஏச மாட்டார். பரவாயில்லை, நீ இருந்து கேள் பிள்ளை என்பார். அவள் மறுபடி கேட்கப் போக மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

"மச்சாள், ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது" என்றாள். "நீர் தேத்தண்ணி குடிச்சால்தான் இது ஓடுது."

"பகிடி விடுற நேரமே இது?"

"பகிடியில்லை. காலமை ஓடேல்லை. தேத்தண்ணி குடிச்சாப் பிறகு ஒண்டும் மாத்தாமல் தட்டினன், ஓடினது. பிறகும் ஓடேல்லை. சோறு திண்டாப் பிறகு ஓடினது. உமக்காண்டித்தான் அது காத்துக்கொண்டு இருக்குது. மற்றது, ஒவ்வொரு முறையும் துவக்கத்திலை ஒண்டு சொல்லுது. நீர்தான் கேக்கிறேல்லை. இந்தக் கோப்பு வருங்காலத்திலை மாத்தின கோப்பு எண்டு சொல்லுது."

வருங்காலத்திலா?

"நேரத்தைக் கேளும், மச்சாள்! உந்தப் பெட்டியிட்டை நேரத்தைக் கேளும்!"

கேட்டாள். பெட்டி சொன்னது. என் போனும் அதே நேரத்தைத்தான் காட்டியது, நிமிடம் பிசகவில்லை.

"நேரம் சரிதானே. நான்தான் வைச்சனான்" என்றாள். "முந்தி அரசாங்கம் நேரத்தைத் திருப்பிப் பழையபடி மாத்தினதெல்லோ, அப்ப இது அரை மணி கூடச் சொல்லிச்சுது. நான் பின்னுக்கு வைச்சன். பற்றறி செத்தால் திரும்பவும் சரியா வைப்பன்."

அரை மணி! நான் கத்திய கத்தில் மாமி அகப்பையோடு ஓடி வந்தார்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்த அரை மணி மறக்காது. அரசாங்கம் ஒரு காலத்தில் நாட்டின் நேரத்தை முன்னே தள்ளிவிட்டது. யாழ்ப்பாணத்தில் எதற்கும் ‘பழைய நேரமோ, புது நேரமோ?’ என்று கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். கல்யாண அழைப்பிதழிலும் அதைப் போடுவார்கள். பல வருடங்களின் பின் திரும்பப் பழைய நேரத்துக்கே வந்தபோது எல்லோரும் சுவர் மணிக்கூட்டின் கம்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நிம்மதியானோம். மச்சாளும் அதைத்தான் செய்தாள். எந்த வீட்டிலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் கொம்பியூட்டர் சுவர் மணிக்கூடு இல்லை. அது உள்ளே உலகத்துக்குப் பொதுவான ஒரு நேரத்தை வைத்திருக்கிறது. அதோடு இந்த நாட்டுக்கு இவ்வளவு கூட்ட வேண்டும் என்று ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. இந்த லினக்ஸ் புது நேரக் காலத்தில் பிறந்தது. நாடு திரும்பி வந்த செய்தி அதற்கு யாரும் சொல்லவில்லை. அரை மணி கூட்டிக் கூட்டியே வந்தது. வெளியே தெரியும் நேரத்தை மச்சாள் சரியாக்க, உள்ளே உள்ள நேரம் உலகத்துக்கு அரை மணி பிந்திப்போனது. நான் வீட்டில் பொதியைக் கட்டியபோது ஒவ்வொரு கோப்பிலும் உலக நேரம் விழுந்துவிட்டது. அதை உடனே கொண்டுவந்து அவிழ்த்தால், பெட்டியின் கணக்குப்படி அந்தக் கோப்புகள் இன்னும் பிறக்கவேயில்லை. தான் இப்போது சோதித்து எழுதியதைவிடக் கோப்பு புதிதாக இருக்கிறதே என்று அது மறுபடி சோதிக்கப் போகும். சோதித்து முடித்தாலும் கோப்புத்தான் புதிது. அந்த அரை மணி கழியுமட்டும் இப்படியே சுற்றும்.

எவ்வளவு வேகமாக வந்தேனோ அவ்வளவு கூடுதலாகச் சுற்றியிருக்கிறது. பஸ்ஸில் வந்திருந்தால் எனக்கு இந்தப் பிரச்சினையே வந்திராது. இதைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்தேன். மச்சாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஆறப் பொறு எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார் மாமி.

வழி ஒன்று மின்னியது. இந்தியாவும் நாங்களும் இப்போது ஒரே நேரம். அந்த நாடு இந்த அரை மணிச் சண்டைக்குள் வரவேயில்லை. ஆகவே பெட்டிக்கு நீ இந்தியாவில் இருக்கிறாய் என்று சொல்லிவிட்டு, நேரத்தை மறுபடி சரியாக வைத்தால் போதும். நான் சொல்லச் சொல்ல மச்சாள் தட்டினாள். சோதனை ஒரே ஒரு தரம் நடந்தது, கொம்பைல் ஓடியது. கடைசிக்குக் கிட்டப் போய் ஒரு சின்ன வரியில் இடறி நின்றது. என் கை தானாக ஸ்கூட்டித் திறப்புக் கொத்தைத் தேடியது.

"எங்கை போறீர்? என்ன மாத்தவேணும் எண்டு சொல்லும். எனக்குக் கை இருக்குது" என்றாள்.

சொன்னேன். அவள் அந்தக் கோப்பைத் திறந்து, பெட்டி வாசிக்க வாசிக்க அந்த இடத்துக்குப் போய், வரியை அழித்து, வேறு வரியைத் தட்டினாள். என்னைவிட வேகம். காலையிலிருந்து நான் ஏன் சந்தைக்குள்ளால் ஓடித் திரிந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இந்த முறை பெட்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் சும்மா இருந்தது. முதலில் நாங்கள் நம்பவில்லை. மச்சாள் போனில் ஏதோ ஒரு வரி தமிழில் தட்டி, அதைப் பெட்டிக்குள் போட்டு, அச்சு இயந்திரத்துக்கு அனுப்பினாள். டக்கு டக்கு டக்கு. பக்கத்து வளவு நாய் குரைத்தது. தாளை இழுத்து விரலை வைத்தாள். விரல் ஓட ஓட அவள் வாய் விரிந்தது.

"என்ன போட்டிருக்கு? சொல்லும், மச்சாள்! தமிழ் சரியோ?"

"சரி. எழுத்துக்கு எழுத்துச் சரி."

"என்ன எழுதினீர்?"

"வாசியுமன்" என்று தாளை என் கையில் தந்தாள். நான் தடவிப் பார்த்தேன். எனக்கு வெறும் புள்ளி. எழுத்து முன்னால் இருந்தும் படிக்கத் தெரியாமல் நின்றேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான், நல்லதாக இராது.

படலம் முழுவதும் குத்தி முடிய, சேலை கட்ட மட்டும் நேரம் இருந்தது. ஸ்கூட்டியில் என் பின்னால் தாள்களை மடியில் அணைத்துக்கொண்டு இருந்தாள். "மெல்லப் போம். இனி அவசரமில்லை" என்றாள்.

கோயில் மண்டபத்தில் அவளுக்குப் பாய் போட்டிருந்தார்கள். புத்தகம் வைக்கிற பலகை அந்தப் பெரிய தாளுக்குக் காணாது. ஐயாவே ஒரு வெள்ளைத் துணியை மடித்து அவள் மடியில் விரித்து, தாளை அதன்மேல் வைக்கச் சொன்னார். அவள் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினாள். எனக்கு அவள் குரல் காதில் விழவேயில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஒரு புள்ளி பிழைத்துவிடுமோ என்ற பயம். பின்னால் இரண்டு பேர், உவளுக்கு எல்லாம் பாடம், சும்மா தடவுகிறாள் என்று குசுகுசுத்தார்கள். திரும்பி முறைத்தேன்.

பயன் சொல்லிக்கொண்டு வந்த ஐயாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். நிறுத்தினார். "பிள்ளை, முந்தின பாட்டிலை மூண்டாம் அடியை மட்டும் இன்னொருக்கால் படி" என்றார்.

பாடமாக்கியவர்கள் பாட்டின் தலையிலிருந்து ஓடி வந்தால்தான் நடு அடியைப் பிடிப்பார்கள். மச்சாளின் வலது கை தாளில் மேலே போனது, இறங்கியது, நின்றது. அந்த அடியை அந்த அடியிலிருந்தே படித்தாள். ஐயா தலையை ஆட்டிவிட்டுப் பயனைத் தொடர்ந்தார். முடிந்து எழும்பும்போது, "நாளைக்கும் நீயே படி" என்று மட்டும் சொன்னார். நான் அழுதுவிட்டேன், அதில் வெட்கம் இல்லை.

மறுநாள் காலை எழும்பியதும் எனக்கு ஒரே பதற்றம். அடுத்த படலத்தைத் தட்ட வேண்டும், மாற்ற வேண்டும், அடிக்க வேண்டும், ஏதும் இடறினால் நான் நிற்க வேண்டும். பென்டிரைவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பறந்தேன். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே நாய் குரைப்பது கேட்டது. வாசல் படலையடியில் வந்து நின்றால், உள்ளே டக்கு டக்கு என்று தாள் ஓடிக்கொண்டிருந்தது.

மாமி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். "விடிய எழும்பி என்னைக் கொண்டு வாசிப்பிச்சுத் தட்டினவள். இப்ப அடிக்கிறாள்" என்றார். "உன்னைக் கூப்பிடுவமோ எண்டு கேட்டன். தேவையில்லை, அவளை நித்திரை கொள்ள விடுங்கோ எண்டவள்."

நான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பென்டிரைவ் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. உள்ளேயிருந்து மச்சாளின் குரல் வந்தது.

"வந்திட்டீரோ? வாரும், வந்து தேத்தண்ணி குடியும். இண்டைக்கு இது நீர் குடிக்காமலே ஓடுது."